தவறு! மீண்டும் முயற்சி செய்

அமிர்தவல்லி டீச்சருக்கு வயிறு எரியத் தொடங்கியது ஒரு வியாழக்கிழமை மதியம், தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது. தயிர்சாதம் என்ன பாவம் செய்தது? குற்றமெல்லாம் கைப்பேசியுடையது. பெரம்பலூர், அரியலூர் இரண்டு மாவட்டத்து அறிவியல் ஆசிரியர்களுக்கும் பொதுவான வாட்ஸ்அப் குழுவில் நன்றி மழை கொட்டிக்கொண்டிருந்தது. 'கொளஞ்சி சார் செய்த பாடத்தை இன்று லேப்பில் போட்டேன். மணி அடித்தும் பிள்ளைகள் எழுந்திருக்கவில்லை.' 'எங்கள் பள்ளியிலும் சார். தலைமையாசிரியரே வந்து உட்கார்ந்துவிட்டார்.' ஆண்டிமடத்துப் பள்ளியின் சண்முகப்பிரியா வார்த்தை போதாமல் கும்பிடும் கைகளாகவே ஒரு முழு வரி அனுப்பியிருந்தாள்.

அமிர்தவல்லி டிபன் பாக்ஸை மூடினாள். பாதிச் சோறு உள்ளேயே இருந்தது.

அவள் எரிச்சலிலும் ஒரு நியாயம் இருக்கத்தான் செய்தது. இந்தப் பக்கத்தில் கம்ப்யூட்டரில் பாடம் செய்வது என்றால் அமிர்தவல்லிதான் என்று இருந்த காலம் ஒன்று உண்டு. ஊரடங்கில் பள்ளி மூடிக் கிடந்தபோது மற்றவர்கள் முறுக்குச் சுடக் கற்றுக்கொண்டார்கள். அவள் பாடம் செய்யக் கற்றுக்கொண்டாள். அதற்கென்று விலை கொடுத்து ஒரு மென்பொருள் வாங்கினாள். அவள் பாடத்தைத் திறந்தால் முதலில் அவள் பெயர் சுற்றிச் சுற்றி வந்து நிற்கும். மேல் மூலையில் பட்டுச்சேலையில் அவள் படம் இருக்கும். ஒவ்வொரு கேள்விக்கும் மூன்று விடை. சரியானதைத் தொட்டால் அவள் குரலிலேயே "சபாஷ்!" என்று வரும், தவறானதைத் தொட்டால் "தவறு! மீண்டும் முயற்சி செய்" என்று வரும். தெருச் சத்தம் கலக்காமல் இருக்கப் பீரோவைத் திறந்து சேலைகளுக்கு நடுவே தலையை நுழைத்துக்கொண்டு பதிவு செய்த குரல் அது.

செய்த பாடத்தை எல்லாம் பூட்டியும் வைத்தாள். அந்த மென்பொருள் இல்லாமல் திறக்காது. திறந்தாலும் பாஸ்வேர்டு இல்லாமல் ஒரு புள்ளியைக்கூட மாற்ற முடியாது. தமிழை ஏதோ பழைய எழுத்துருவில் அடித்திருந்ததால் வேறு கம்ப்யூட்டரில் போட்டால் எழுத்தெல்லாம் ஆங்கிலக் குப்பையாகத் தெரியும். மற்றவர்களுக்கு இதெல்லாம் தொல்லை. அமிர்தவல்லிக்கோ இதுதான் வசதி. பாடம் வேண்டுமென்றால் அவளைத்தான் கூப்பிட வேண்டும். லேப்டாப்போடு போவாள், சால்வை போடுவார்கள், காபி வரும், போட்டோ எடுப்பார்கள். அங்கேயும் பிள்ளைகள் யாரும் லேப்டாப்பைத் தொட விடமாட்டாள். தானே கேள்வியைப் படித்து, விடையைத் தானே வாயால் சொல்லி, அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவாள்.

அவள் கணவர் தங்கராசு பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் ஹார்டுவேர் கடை வைத்திருப்பவர். பூட்டு விற்பது அவர் தொழில். "கடையில நான் ஒரு பூட்டு விக்கிறதுக்குள்ள வூட்டுல இவ பத்துப் பூட்டுப் போட்டுடுறா" என்று வருகிறவர்களிடம் எல்லாம் சொல்லிச் சிரிப்பார்.

கொளஞ்சி இப்போது கீழப்பழுவூர்ப் பக்கத்துப் பள்ளியில் இருக்கிறான். அரியலூரில் பி.எட். படித்தபோது அவளோடு ஒரே வகுப்பு. அவள் முதல் பெஞ்சு, அவன் கடைசி பெஞ்சு. பாடம் நடத்தும் பயிற்சியில் சாக்பீஸை மூன்று முறை கீழே போட்டவன். நேரில் பார்த்தால் 'சார்' என்பாள், மனசுக்குள் எப்போதும் 'அவன்'தான். அந்தச் சாக்பீஸ் கொளஞ்சியா இன்றைக்கு இரண்டு மாவட்டத்துக்கும் பாடம் செய்கிறான்? இதைத்தான் அவளால் விழுங்க முடியவில்லை.

அவன் பாடத்தில் ஒரு ஜிகினாவும் கிடையாது. நம் பக்கத்துப் பாறைகளையும், அவற்றுக்குள் கல்லாகிக் கிடக்கும் சங்கு, சிப்பிகளையும், சாத்தனூரில் மரமே கல்லாகிக் கிடக்கும் கல்மரத்தையும் பற்றிய பாடம். ஆனால் அதை அவன் எல்லாருக்கும் பொதுவான திறந்த வடிவத்தில் செய்திருந்தான். எந்தக் கம்பெனிக்கும் சொந்தமில்லாத வடிவம். பள்ளி லேப்பில் திறக்கும், ஓட்டைப் போனிலும் திறக்கும். எழுத்து தனி, படம் தனி, குரல் தனி, கேள்வி தனியாக உள்ளே அடுக்கியிருக்கும். எதை வேண்டுமானாலும் உருவிவிட்டு வேறு ஒன்றைச் சொருகலாம். ஒரே ஒரு நிபந்தனை, முன்பு செய்தவர்களின் பெயரை எடுக்கக் கூடாது. உங்கள் பெயரைக் கீழே சேர்த்துக்கொள்ளலாம்.

அவ்வளவுதான், ஆளாளுக்குக் கைவைத்துவிட்டார்கள். ரெட்டிபாளையத்து ஆசிரியர் ஆண்டவர் தன் ஊர்ச் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தின் படத்தைச் சேர்த்தார். அந்தப் பிள்ளைகளின் அப்பாக்கள் வேலை செய்கிற சுரங்கம் அது. சண்முகப்பிரியா பாறையை மொத்தமாக எடுத்துவிட்டு, அதே கேள்விச் சட்டத்தில் முந்திரி மரத்தைக் கொண்டுவந்து வைத்தாள். பூவிலிருந்து கொட்டை வரை வரிசைப்படுத்தச் சொல்லும் விளையாட்டு. ஒரு பாடம் போட்ட குட்டி எத்தனை என்று கொளஞ்சிக்கே தெரியாது.

ஒரு கூட்டத்தில் அவன் அவளிடமே சொன்னான். "வேட்டி மாதிரி டீச்சர் இது. குட்டையா இருந்தாலும் நெட்டையா இருந்தாலும் கட்டிக்கலாம். ஒங்களுது அளவெடுத்துத் தச்ச பேன்ட்டு. அழகாத்தான் இருக்கு, ஒருத்தருக்குத்தானே ஆவுது."

அவன் சிரித்துக்கொண்டுதான் சொன்னான். அவளும் சிரித்தாள். பஸ்ஸில் பெரம்பலூர் வந்து சேரும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு வந்தாள்.

இதெல்லாம் வெறும் புகைச்சலாகவே போயிருக்கும். ஆனால் அந்த வாரம் இரண்டு மாவட்டத்துக்கும் பயிற்சி நடத்தும் கிருஷ்ணமூர்த்தி சார் ஒரு செய்தி போட்டார். மாநிலம் முழுக்கப் போகிற பாடங்களைச் செய்யச் சென்னையில் ஒரு குழு அமைக்கிறார்கள். இங்கிருந்து ஒரே ஒருவர் போகலாம். சனிக்கிழமை அரியலூரில் எல்லாரும் பாடத்தைப் போட்டுக் காட்ட வேண்டும், அதைப் பார்த்து ஆளை முடிவு செய்வோம்.

ஒரே ஒரு இடம். நாலு வருஷமாக அவள் கண்ட கனவு அது. அதில் அவன் போய் உட்காருவதை அவளால் நினைத்தே பார்க்க முடியவில்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் சண்முகப்பிரியா போன் செய்தாள். "டீச்சர், ஒரு சின்ன விஷயம். சாத்தனூர்ப் பக்கத்து ஸ்கூல்ல கொளஞ்சி சார் பாடத்தைப் போட்டிருக்காங்க. கல்மரத்தோட வயசு என்னன்னு ஒரு கேள்வி. பன்னெண்டு கோடி வருசம்னு தொட்டா தப்புன்னு வருதாம். பசங்க சண்டைக்கே போயிட்டாங்களாம், எங்க ஊரு மரம், போர்டுலயே போட்டிருக்கு, எங்களுக்குத் தெரியாதான்னு. கொளஞ்சி சாருக்கு லைனே போவல. நாளைக்குள்ள சொல்லிட்டா மாத்திடுவாரு."

அமிர்தவல்லிக்கு நாக்கில் கற்கண்டு கரைந்தது. "நீ எதுக்கும்மா கஷ்டப்படுற? நானே சொல்லிடுறேன். வுடு."

"சரிங்க டீச்சர். மறந்துடாதீங்க."

மறப்பாளா? அடுத்த நிமிஷமே போனில் அவன் பாடத்தை வாழ்க்கையில் முதல் முறையாகத் திறந்தாள். மற்ற எதையும் பார்க்கவில்லை. நேரே கல்மரக் கேள்விக்குப் போனாள். பன்னிரண்டாயிரம், பன்னிரண்டு லட்சம், பன்னிரண்டு கோடி என்று மூன்று விடை. கோடியைத் தொட்டாள். ஏதோ ஒரு சின்னப் பெண்ணின் குரல் "தப்பு" என்றது. இன்னொரு முறை தொட்டாள். "தப்பு." மூன்றாம் முறையும் தொட்டுக் கேட்டுவிட்டுத்தான் மூடினாள்.

"யாருக்குடி போன் போடப் போற?" என்றார் தங்கராசு. அவள் முகம் மலர்ந்திருந்ததைப் பார்த்துக் கேட்டிருப்பார்.

"யாருக்கும் இல்ல" என்று அவள் தோசைக்கு மாவை ஊற்றினாள். அன்றைக்குத் தோசை எல்லாம் வட்டமாக வந்தது.

சனிக்கிழமை அரியலூர்க் கூட்டத்தில் அமிர்தவல்லி 'ஒளி' என்ற தன் புதுப் பாடத்தைப் போட்டாள். பள்ளிக் கம்ப்யூட்டரில் அது திறக்கவில்லை, அவளுடைய லேப்டாப்பை வைத்துத்தான் போட வேண்டியிருந்தது. கிருஷ்ணமூர்த்தி சார் கொஞ்சம் நெற்றியைச் சுருக்கினார். ஆனால் பாடம் தீபாவளி மாதிரி இருந்ததால் கைதட்டல் கிடைத்தது. அடுத்து கொளஞ்சி. கசங்கிய சட்டையோடு வந்து லேப் கம்ப்யூட்டரில் ஒரு தட்டுத் தட்டினான், பாடம் திறந்துகொண்டது. ஆண்டவரும் சண்முகப்பிரியாவும் அதிலிருந்து தாங்கள் செய்துகொண்ட பாடங்களையும் போட்டுக் காட்டினார்கள். கிருஷ்ணமூர்த்தி சாரின் முகம் ஆசையோடு அந்தப் பக்கம் சாய்வதை அமிர்தவல்லி பார்த்தாள்.

எழுந்து நின்றாள். "சார், ஒரு சந்தேகம். அந்தக் கல்மரக் கேள்விய ஒருதடவ போடச் சொல்லுங்க."

போட்டார்கள். "பன்னெண்டு கோடியத் தொடுங்க சார்." கிருஷ்ணமூர்த்தி சாரே தொட்டார். "தப்பு" என்றது அந்தச் சின்னப் பெண்ணின் குரல், ஸ்பீக்கரில் பெரிதாக.

அமிர்தவல்லிக்கு அதுவரை நாக்கு நுனியில் இருந்ததெல்லாம் இப்போது வரிசை கட்டி வந்தது. "எத்தனை ஸ்கூலுக்குப் போயிருக்கு இந்தப் பாடம்? எத்தனை பசங்க இதப் படிச்சிருப்பாங்க? நம்ம மாவட்டத்துக் கல்மரத்தோட வயசே தப்பு. ஆளாளுக்கு மாத்துறேன்னு கெளம்பினா இப்புடித்தான் ஆவும். பூட்டி வெக்கிறா பூட்டி வெக்கிறான்னு என்னச் சொல்றீங்களே, எதுக்குப் பூட்டுறேன்னு இப்பப் புரியுதா? இந்தக் கேள்விய மொதமொதல்ல யாரு எழுதினாங்களோ அவங்களுக்குப் பாடம் செய்யவே தகுதி இல்லன்னு நான் சொல்றேன்."

எல்லாரும் கொளஞ்சியைப் பார்த்தார்கள். அவன் அமிர்தவல்லியைப் பார்த்தான். ஏதோ சொல்ல வாயெடுத்த மாதிரி இருந்தது, பிறகு சொல்லவில்லை. "நான் பாத்திருக்கணும் சார். தொட்டுப் பாத்திருக்கணும். மன்னிச்சிடுங்க" என்றான். ஆண்டவர் எழுந்து, "அதுக்கென்ன சார், ஒரு நிமிஷத்துல மாத்திடலாம்" என்றார். சண்முகப்பிரியா மட்டும் திரும்பி அமிர்தவல்லியை ஒரு பார்வை பார்த்தாள். நீங்கள் சொல்கிறேன் என்றீர்களே என்று கேட்கிற பார்வை. அமிர்தவல்லி கைப்பையில் எதையோ தேடினாள்.

பிழையுள்ள பாடத்தைச் செய்தவரைச் சென்னைக்கு அனுப்ப முடியாது என்று கிருஷ்ணமூர்த்தி சார் வருத்தத்தோடு சொன்னார். இடம் அமிர்தவல்லிக்குக் கிடைத்தது. திரும்பும் வழியில் பஸ்ஸுக்கு முன்னால் சிமென்ட் லாரிகள் வரிசையாக ஊர்ந்தன. தூசி சன்னல் வழியாக வந்து சேலை எல்லாம் படிந்தது. அவள் தட்டிவிடக்கூட இல்லை. அவ்வளவு குளிர்ச்சியாக இருந்தது உள்ளே.

திங்கட்கிழமை பள்ளியில் அவளுக்கு ராஜமரியாதை. தலைமையாசிரியை சத்யா மேடம் சாக்லேட் கொடுத்தார். "டீச்சர், நீங்க பசங்களுக்குப் பாடம் போடுற மாதிரி ஒரு போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லிருக்காங்க. ஒங்களோட அந்தக் கல்மரப் பாடத்தையே போடுங்களேன், நாலு வருஷத்துக்கு முன்னாடி செஞ்சீங்களே. சரியான பாடம்னா எப்புடி இருக்கும்னு பாக்கட்டும்."

அமிர்தவல்லிக்குப் பெருமை பிடிபடவில்லை. லேப்டாப்பைத் திறந்தாள். அவள் பெயர் சுற்றிச் சுற்றி வந்து நின்றது. மேடம் கேமராவைப் பிடித்துக்கொண்டு, "நீங்க தள்ளி நில்லுங்க டீச்சர், ஒரு பொண்ணு தொடுற மாதிரி இருந்தாத்தான் படம் நல்லாருக்கும். ஏ கவியா, வா இங்க" என்றார்.

கவியா எட்டாம் வகுப்பு. இதுவரை யாரையும் தொடவிடாத லேப்டாப் என்பதால் விரலைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு வந்தாள். கல்மரத்தின் வயது என்ன என்ற கேள்வி நின்றது. அவள் சந்தேகமே இல்லாமல் பன்னிரண்டு கோடியைத் தொட்டாள்.

"தவறு! மீண்டும் முயற்சி செய்" என்றது அமிர்தவல்லியின் குரல்.

கவியா பயந்துபோய் டீச்சரைப் பார்த்தாள். "பன்னெண்டு கோடிதானே டீச்சர்?" என்றாள். மறுபடியும் தொட்டாள். பீரோவுக்குள் பதிவு செய்த அந்தக் கணீர்க் குரல் மறுபடியும் அதையே சொன்னது. பின் வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். கவியா லட்சத்தைத் தொட்டாள். "சபாஷ்!" என்றது குரல்.

நாலு வருஷமாக அந்தத் தவறு அங்கேதான் உட்கார்ந்திருந்தது. தொட்டால்தானே தெரியும்? தொட யாரை விட்டாள்? பாடத்தைச் செய்த அன்று விடையைக் குறிக்கும்போது ஒரு வரி மேலே அழுத்திவிட்டிருக்கிறாள், அவ்வளவுதான்.

"கம்ப்யூட்டர் கோளாறு மேடம்" என்று சொல்லிவிட்டு லேப்டாப்பை மூடினாள். அந்தப் பீரியடு முழுக்கப் பிள்ளைகளைப் படம் வரையச் சொல்லிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். அதே கேள்வி, அதே மூன்று விடை, அதே தவறு அவன் பாடத்திலும் எப்படி? காப்பி அடித்தானா? திருட்டுப்பயல், என் பாடத்தையா சுட்டான்? ஒரு கணம் அந்த நினைப்பே இதமாகக்கூட இருந்தது. போனை எடுத்து அவன் பாடத்தைத் திறந்தாள். இந்த முறை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை போனாள்.

கடைசிப் பக்கத்தில் பெயர்கள் இருந்தன. முதல் வரியில், 'இந்தப் பாடத்தை முதலில் செய்தவர்: அமிர்தவல்லி, பெரம்பலூர். அவர் அனுமதியோடு எடுத்துக்கொண்டோம்.' இரண்டாவது வரியில், 'திறந்த வடிவத்துக்கு மாற்றியவர்: கொளஞ்சி, கீழப்பழுவூர்.' அதற்குக் கீழே ஆண்டவர், சண்முகப்பிரியா, பேர் தெரியாத யார் யாரோ. எத்தனை பள்ளிக்குப் போனாலும், யார் என்ன மாற்றினாலும், எல்லாப் பாடத்திலும் அவள் பெயர்தான் தலையில் இருந்தது. வெள்ளிக்கிழமை இன்னும் கொஞ்சம் தள்ளிப் பார்த்திருந்தாலே கண்ணில் பட்டிருக்கும். பொறாமை கண்ணை அந்தக் கேள்வியிலேயே ஆணியடித்து வைத்துவிட்டது.

அனுமதியா? எப்போது கொடுத்தாள்? யோசித்தபோது ஞாபகம் வந்தது. நாலு வருஷத்துக்கு முன்னால் அரியலூர்ப் பயிற்சியில் அவள் கல்மரப் பாடத்தைப் போட்டுக் காட்டியபோது கொளஞ்சி வந்து, "டீச்சர், இத நான் எடுத்து எங்க பசங்களுக்கு மாத்திக்கலாமா?" என்று கேட்டான். பூட்டிய பாடத்தை எப்படி எடுப்பான் என்ற தைரியத்தில், "முடிஞ்சா எடுத்துக்கங்க சார்" என்று சொல்லிச் சிரித்தாள். குத்திக் காட்டத்தான் சொன்னாள். அவன் அதை வரமாக வாங்கிக்கொண்டு, கடைசி வரிசையில் உட்கார்ந்து திரையைப் பார்த்துப் பார்த்து ஒவ்வொரு வரியாக எழுதியிருக்கிறான். பாடத்தின் முடிவில் திரையில் வந்து போகும் விடைப் பட்டியலையும் நம்பி அப்படியே எழுதிக்கொண்டுவிட்டான். அமிர்தவல்லி செய்தால் சரியாகத்தான் இருக்கும் என்று நினைத்திருப்பான்.

'மொதமொதல்ல யாரு எழுதினாங்களோ அவங்களுக்குத் தகுதி இல்ல.' மல்லாந்து படுத்துக்கொண்டு எச்சில் துப்பினால் யார் முகத்தில் விழும்? மற்றவர்கள் தங்கள் பெயரைச் சேர்த்ததோடு பெயர்ப் பக்கத்தை மூடிவிட்டார்கள்; அந்தக் கேள்வி யாருடையது என்று அந்த அரங்கில் ஒரே ஒரு ஆளுக்குத்தான் தெரிந்திருந்தது. அந்த ஆள் வாயைத் திறக்கவில்லை.

சாயங்காலம் வீட்டுக்குப் போய்ச் சேலைகூட மாற்றாமல் அவனுக்குப் போன் போட்டாள்.

"ஏன் சார் சொல்லல?"

"பாத்துட்டீங்களா டீச்சர்?"

"ஏன் சொல்லலன்னு கேட்டேன்."

"சொல்லி? அவ்வளவு பேருக்கு முன்னாடி ஒங்களத் தலகுனிய வெக்கச் சொல்றீங்களா? நான் தொட்டுப் பாக்காம வுட்டது என் தப்புத்தானே. எங்க பசங்களுக்குப் போடும்போது அவங்க லட்சம்னுதான் தொட்டாங்க, நானும் கவனிக்கல. இப்ப மாத்தியாச்சு டீச்சர். இன்னிக்குக் காலையிலயே சாத்தனூர் ஸ்கூலுல மாத்திட்டாங்க. கடைசியில பாருங்க, 'பிழை திருத்தியவர்கள் எட்டாம் வகுப்பு மாணவர்கள்'னு போட்டிருப்பாங்க."

"என் பேர எடுத்துடுங்க."

"அது எப்புடி டீச்சர் முடியும்?" அவன் குரலில் நிஜமான திகைப்பு. "ஒங்க பேர எடுத்தா அது என் பாடம்னு ஆயிடும். அது என் பாடம் இல்லியே. அந்தப் பாடத்தப் பாத்துத்தான் டீச்சர் நமக்கும் இப்புடிச் செய்ய வருமான்னு எனக்கே ஆச வந்துச்சு."

அவள் போனை வைத்தாள். தங்கராசு கடையிலிருந்து வந்து கைகால் கழுவிக்கொண்டிருந்தார். நடந்ததை எல்லாம் கேட்டுவிட்டு, "பரவால்லயே, நல்ல மனுஷனா இருக்கான்" என்றார்.

"அதாங்க எரியுது!" என்று வெடித்தாள் அமிர்தவல்லி. "பாடத்துலதான் முந்திட்டான்னு பாத்தா, இதுலயுமா முந்துவான்? திருட்டுப்பயலா இருந்திருந்தாக்கூட நான் நிம்மதியா இருந்திருப்பேன். அவன் வாய மூடிக்கிட்டதால கெடச்ச எடத்துல நான் போயி சென்னையில ஒக்காரணுமா? ஒவ்வொரு நாளும் அவன் போட்ட பிச்சைன்னு நெனச்சுக்கிட்டே?"

"வேணாம்னு சொல்லிட்டுப் போயேன்" என்றார் தங்கராசு துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே.

உண்மையைச் சொன்னது மனசாட்சியால் என்று யாராவது நினைத்தால் அமிர்தவல்லியைத் தெரியாதவர்கள். மனசாட்சி அவளுக்கும் உண்டு, ஆனால் அன்றைக்கு எழுந்து வந்தது அது இல்லை. அவனிடம் கடன்பட்டு இருப்பதை அவளால் தாங்க முடியவில்லை, அவ்வளவுதான். மறுநாள் காலையில் குழுவில் எழுதினாள். 'சனிக்கிழமை நான் சொன்ன பிழை கொளஞ்சி சாருடையது அல்ல. என்னுடைய பழைய பாடத்திலிருந்து அவர் பாடத்துக்குப் போனது. அவருக்கு அது தெரியும், சொல்லவில்லை. பிழை இருப்பதைச் சண்முகப்பிரியா முன்கூட்டியே என்னிடம் சொல்லியும் நான் அவரிடம் சொல்லவில்லை. சென்னை இடம் அவருக்கு உரியது. - அமிர்தவல்லி.'

அனுப்பிவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தாள். உடம்பு லேசாக இருந்தது. அவ்வளவு பெரிய உண்மையைச் சொல்லியிருக்கிறோம், நாலு பேராவது 'டீச்சர், உங்களைப் போல யார் சொல்வார்கள்' என்று எழுதாமலா இருப்பார்கள் என்று ஓரத்தில் ஒரு நப்பாசை. இடம்தான் போயிற்று, பேராவது கிடைக்கட்டுமே. இடைவேளையில் திருப்பிப் பார்த்தாள்.

ஆண்டவர் எழுதியிருந்தார், 'கொளஞ்சி சார்! தெரிந்தும் ஒரு வார்த்தை சொல்லவில்லையே! எவ்வளவு பெரிய மனசு சார் உங்களுக்கு!' அதற்குக் கீழே, 'தலைவணங்குகிறேன் கொளஞ்சி சார்.' 'இப்படி ஒரு மனிதரா!' 'சென்னைக்கு வாழ்த்துகள் கொளஞ்சி சார்.' சண்முகப்பிரியா இந்த முறை கும்பிடும் கைகளை இரண்டு வரிக்கு அனுப்பியிருந்தாள், இரண்டும் அவனுக்கு. அமிர்தவல்லிக்கு வந்தது ஒன்றே ஒன்று. கிருஷ்ணமூர்த்தி சார் கட்டைவிரலை உயர்த்திக் காட்டியிருந்தார், அதுவும் இடத்தை மாற்றிவிட்டேன் என்பதற்கு.

அவளுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. இடம் போச்சு, மானம் போச்சு, போன இரண்டையும் சேர்த்துக் கட்டி அவன் தலையில் கிரீடமாக வைத்துவிட்டார்கள். வைத்தது யார்? அவளேதான்.

அன்று சாயங்காலம் தங்கராசு வந்தபோது அமிர்தவல்லி லேப்டாப்புக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். 'ஒளி' பாடத்தின் பாஸ்வேர்டை எடுத்துவிட்டாள். பழைய எழுத்துருவில் இருந்ததை வரி வரியாகப் புது எழுத்தில், கொளஞ்சியின் திறந்த வடிவத்தில் மறுபடி அடித்துக்கொண்டிருந்தாள். சுற்றிச் சுற்றி வரும் பெயரையும் பட்டுச்சேலைப் படத்தையும் நீக்கிவிட்டாள். அதைச் செய்யும்போது மட்டும் கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"என்னடி, பூட்டத் தொறக்குறியா? என் கடை என்னத்துக்கு ஆவுறது?" என்றார் தங்கராசு.

அவள் அடுத்த வரியை அடித்தாள். அந்த வாரம் முழுக்க அதே வேலைதான். கடைசிப் பக்கத்துக்கு வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்து, விரலைச் சொடுக்கிக்கொண்டு, முதல் வரியில் அடித்தாள். 'பாடத்தைத் திறந்து வைக்கக் கற்றுக்கொடுத்தவர்: கொளஞ்சி, கீழப்பழுவூர்.' அதற்குக் கீழே இரண்டாவது வரியில் சின்னதாக, 'செய்தவர்: அமிர்தவல்லி, பெரம்பலூர்.'

தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்த தங்கராசுவுக்கு நம்ப முடியவில்லை. "அடேயப்பா, ஒனக்கா இப்புடி ஒரு மனசு?"

"மனசும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல. நான் எரிஞ்ச மாதிரி அவனும் ஒரு நாளு எரியட்டும்" என்று சொல்லி, பாடத்தைக் குழுவில் தட்டிவிட்டாள்.

மறுநாள் மதியம் டிபன் பாக்ஸைத் திறந்தபோது போன் ஒலித்தது. கொளஞ்சி. எடுத்தவுடனே படபடவென்று பேசினான், சாக்பீஸைக் கீழே போட்ட பழைய கொளஞ்சியின் குரலில். "டீச்சர், இது நியாயமே இல்ல. அது முழுக்க ஒங்க பாடம். என் பேர மொதல்ல போட்டா பாக்குறவங்க என்ன நெனப்பாங்க? எனக்கு ராத்திரி தூக்கமே வரல. தயவுசெஞ்சு கீழ எறக்குங்க."

"அது எப்புடி சார் முடியும்?" என்றாள் அமிர்தவல்லி. "முன்னாடி இருக்குற பேர எடுக்கக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க."

அவன் இன்னும் ஏதோ கெஞ்சிக்கொண்டிருந்தான். அவள் போனை ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் வைத்துவிட்டு, தயிர்சாதத்தைப் பிசைந்தாள். அன்றைக்கு ஒரு பருக்கை மிச்சமில்லாமல் சாப்பிட்டாள்.